நிக்டி சந்தையில் ஒரு வயர் கூடை

9 ஆகஸ்ட் 2004, திங்கள்

முதல் நாளே தோல்வி. கடை பூட்டியிருந்தது.

தாம்லேயின் மளிகைக் கடை மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை மூடியிருக்கும் என்பது புனே பக்கம் இந்த நிக்டியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். முப்பது வருடமாக இதே தெருவில் குடியிருக்கும் எனக்குத் தெரியாது. கம்பெனி பஸ் காலையில் ஏற்றிக்கொள்ளும், மாலையில் இறக்கிவிடும். நடுவில் கடைகள் என்ன செய்கின்றன என்று நான் யோசித்ததேயில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான். என் மனைவி சாவித்ரி கூடையை எடுத்தால் நான் பேப்பரை எடுப்பேன்.

இப்போது சாவித்ரி குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துக்கொண்டு கட்டிலில் இருக்கிறாள். வீட்டுக்குள் வாக்கர். வெளியே போவது தீபாவளி சமயத்தில்தான். டாக்டரிடம் கம்பி எந்த கிரேடு எஃகு என்று கேட்டேன். "நல்ல கிரேடு" என்றார். உலோகவியல் படித்து, வாழ்நாள் முழுக்க எஃகைச் சோதித்து ரிஜெக்ட் முத்திரை குத்திய என்னிடம்!

நாலு மணிக்கு மறுபடி போனேன். கடை முழுக்கப் பலகைகள். 'விலையை ஒரு முறைதான் சொல்வோம்.' 'சில்லறை எங்கள் வீட்டு மரத்தில் காய்ப்பதில்லை.' 'சும்மா நிற்பவர்கள் எதிர்க் கடையில் நிற்கவும்.' மரியாதையாக எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டுத் துவரம் பருப்பு கேட்டேன். தாம்லே கண்ணாடிக்கு மேலே பார்த்தார். எது வேண்டும் என்றார். நான்கு மூட்டை இருந்தது. நான்கும் எனக்கு ஒன்றுபோலத் தெரிந்தது.

"நல்ல கிரேடு" என்றேன்.

10 ஆகஸ்ட்

புளி மறந்துவிட்டது. ஒன்றரை மணிக்குப் போனேன். பூட்டு. நான் என்ன ஜென்மம்?

12 ஆகஸ்ட், வியாழன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இன்று காய்கறிச் சந்தை. சாவித்ரி தன் வயர் கூடையை எடுத்துப் போகச் சொன்னாள். பச்சையும் மஞ்சளுமாக அவளே பின்னியது, புனே முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடைக்காது. கிளிக்கூண்டு மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆண்பிள்ளை எப்படிப் போவது? என் பழைய ஆபீஸ் ரெக்ஸின் பையை எடுத்துக்கொண்டேன்.

"வெண்டைக்காயோட நுனியை ஒடிச்சுப் பாருங்கோ. பட்டுனு ஒடிஞ்சா பிஞ்சு. வளைஞ்சா முத்தல். இதுக்கு எம்.எஸ்ஸி. வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினாள்.

முறை எனக்குப் பிடித்திருந்தது. சோதனை, முடிவு, பிரிப்பு. ஒரு காயை ஒடித்தேன். பட்டென்றது. ஆனால் ஒன்று நன்றாக இருந்தால் பக்கத்தில் இருப்பதும் நன்றாக இருக்கும் என்று எப்படிச் சொல்வது? அடுத்ததையும் ஒடித்தேன். தேறியவை வலது பக்கம், வளைந்தவை இடது பக்கம். காய்க்காரி வேறு யாருக்கோ உருளைக்கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்து வேலையில் ஆழ்ந்துவிட்டேன். லேபில் இருப்பது போலவே இருந்தது. பல வருடம் கழித்து அப்படியொரு நிம்மதி!

அவள் திரும்பிப் பார்த்தபோது அவளுடைய வெண்டைக்காய் மொத்தமும் மூக்கறுந்து கிடந்தது. ஒரு சாக்கு நிறைய சூர்ப்பணகைகள்.

"ஓ ஆஜோபா! ஹே காய் கேலே!" தாத்தா, இது என்ன செய்து வைத்தாய் என்று. அதற்குப் பிறகு சொன்னது எனக்குப் புரியவில்லை. புரியாததே நல்லது. பக்கத்துக் கடைக்காரர்கள், "காய் ஜாலா ஷேவந்தாபாய்?", என்ன ஆச்சு என்று எழுந்து வந்து பார்த்தார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி குழந்தைக்கு என்னைக் காட்டினாள். நான் ஆங்கிலத்தில் 'சாரி' என்றேன். எதற்கு ஆங்கிலம்?

எல்லாவற்றையும் நிறுத்து என் பையில் கொட்டினாள். வளைந்ததையும் சேர்த்து.

14 ஆகஸ்ட்

கறி, மோர்க்குழம்பு, பச்சடி. இன்று சாம்பார். எல்லாம் வெண்டைக்காய். சாவித்ரி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

15 ஆகஸ்ட், ஞாயிறு

பாணேரிலிருந்து மகன் ஷ்யாமும் தீப்தியும் வந்தார்கள். மருமகளுக்குத் தமிழ் வராது. ஆனால் ஃப்ரிட்ஜைத் திறந்தவுடன் அவள் முகத்தில் தோன்றியதற்கு மொழி தேவைப்படவில்லை.

"அப்பா, இதெல்லாம் உங்களால மேனேஜ் பண்ண முடியாது" என்றான் ஷ்யாம். "பேசாம பாணேருக்கு வந்துடுங்கோ. ஒரு ரூம் சும்மாதானே இருக்கு. இந்த ஃபிளாட்டைக் குடுத்துடலாம்."

"அங்கே காய் வாங்க எங்கேடா போறது?" என்றாள் சாவித்ரி கட்டிலிலிருந்து.

"இண்டர்காம்ல சொன்னா மேலே வந்துடும்மா."

"அப்போ யார்கிட்ட பேரம் பேசறது? இண்டர்காம்கிட்டயா?"

கடைசியில் தீபாவளி வரை பார்ப்பது என்று முடிவானது. அதுவரை நாங்கள் இருவரும் தனியாகச் சமாளித்தால் நிக்டி. இல்லாவிட்டால் பாணேர், பதினோராவது மாடி.

அவர்கள் போன பிறகு சாவித்ரி சொன்னாள்: "எனக்கு அந்த மாடியெல்லாம் வேண்டாம், ன்னா. உங்களைத்தான் நம்பிண்டிருக்கேன்."

இதைவிட மோசமான அஸ்திவாரத்தில் யாரும் வீடு கட்டியிருக்கமாட்டார்கள்.

23 ஆகஸ்ட், திங்கள்

கோழைகளுக்கென்றே ஒரு கடை திறந்திருக்கிறார்கள்! சின்ச்வடில், ஏ.ஸி. போட்டது. ஆட்டோவில் போனேன்.

காய்கள் எல்லாம் தட்டில் அடுக்கி, மேலே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் இழுத்து ஒட்டியிருக்கிறது. பெயர், எடை, தேதி எல்லாம் அச்சடித்த சீட்டு. தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் போதும். யாரும் என்னிடம் எது வேண்டும் என்று கேட்கவில்லை. யாரும் ஆஜோபா என்று கூப்பிடவில்லை. மோட்சம் இப்படித்தான் இருக்கும் – குளிர், மெல்லிய இசை, வரிசையாகத் தக்காளி, தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

தேவைப்படாத ஒரு டப்பா பாலாடைக்கட்டியும் வாங்கிவிட்டேன். கொடுத்த பெண் சிரித்தாள். மறுப்பது எப்படி?

1 செப்டம்பர், புதன்

சாவித்ரி வெண்டைக்காய்க் கறியை வாயில் போட்டாள். மென்றாள். மென்றுகொண்டேயிருந்தாள். பிறகு ஒரு நாரை வாயிலிருந்து உருவி வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல துணி காயப் போடலாம்" என்றாள். "ஒடிச்சுப் பாத்தேளா?"

"பிளாஸ்டிக்ல சுத்தியிருந்தது."

"எந்தக் கடையில?"

சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "சரி, அதுக்குப் பாணேரே தேவலை" என்றாள்.

இந்த ஒரு வரிக்குப் பதில் அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். கையாலாகாதவன். வேறென்ன? ஒரு பொம்மனாட்டி சத்தம் போட்டாள்னு ஊரை விட்டு ஊர் போய்க் காய் வாங்கறவனை வேறென்ன சொல்றது?

5 செப்டம்பர், ஞாயிறு

ஷ்யாம் ஒருவரை அழைத்துவந்தான். "சும்மா பார்த்துட்டுப் போகட்டும்ப்பா. தீபாவளிக்கு அப்புறம்தானே." அந்த ஆள் செருப்போடு உள்ளே வந்து சுவர்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒடித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சாவித்ரி படுத்திருந்த அறைக்குள்ளும் எட்டிப் பார்த்து ஜன்னலின் அகலம் கேட்டார்.

அவள் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டாள். சாவித்ரி முகத்தை மூடிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

7 செப்டம்பர், செவ்வாய்

போனேன். ஷேவந்தாபாயிடமே போனேன். காலையிலிருந்து மூன்று தடவை கிளம்பி மூன்று தடவை திரும்பி வந்து நான்காம் தடவை.

ரெக்ஸின் பை மழையில் பூஞ்சை பிடித்து நாறியது. வேறு வழியில்லாமல் வயர் கூடையைத் தூக்கிக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

ஷேவந்தாபாய் என்னைக் கண்டதும் வெண்டைக்காய்ச் சாக்கை இழுத்துத் தன் முழங்காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். பிறகு கூடையைப் பார்த்தாள். எழுந்தே நின்றுவிட்டாள்.

"இது அந்த மதராஸி வஹினியோட கூடையாச்சே! உனக்கு எப்படிக் கிடைத்தது?" வஹினி என்றால் அண்ணி. நான் திருடிவிட்டேன் என்றே நினைத்திருப்பாள். எனக்குத் தெரிந்த ஹிந்தியும் கையுமாகச் சொன்னேன். மனைவி, விழுந்துவிட்டாள், தொடை, கம்பி. கம்பிக்கு என் தொடையையே தொட்டுக் காட்டினேன்.

"நீ அவளோட புருஷனா?"

ஆமாம் என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கடைகளுக்குக் கேட்கும்படி கத்திச் சொன்னாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கீரைக்காரர் நாக்கைச் சப்புக்கொட்டி, "பிச்சாரா" என்றார், பாவம் என்று. வெங்காயக்காரரும் "பிச்சாரா" என்றார். ஒரு சந்தையே சேர்ந்து எனக்காக இரங்கல் கூட்டம் நடத்தியது.

மெல்ல விஷயம் புரிந்தது. இவர்களுக்கெல்லாம் சாவித்ரி என்றால் கிலி. கத்தரிக்காயில் புழு இருந்தால், அதை நறுக்கியபடியே மறுநாள் காலை கூட்டம் சேரும் நேரமாகப் பார்த்துக் கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் தூக்கிப் பிடித்துக் காட்டுவாளாம். ஷேவந்தாபாய் நடித்தே காட்டினாள். இடுப்பில் கை, ஒரு புருவம் மேலே. சாவித்ரியேதான். வீட்டில் எனக்குக் காட்டும் அதே புருவம்.

நானும் என்னை மறந்து தலையை ஆட்டினேன். ஆமாம், இப்படித்தான்!

காய்களை அவளே பொறுக்கிக் கூடையில் போட்டாள். நான் எதையும் தொடவில்லை. "போய்ச் சொல்லாதே" என்பதுபோல உதட்டில் விரலை வைத்தாள். எதைச் சொல்லக்கூடாது? தெரியவில்லை. ஆனால் சொல்லமாட்டேன்.

8 செப்டம்பர்

"இது பிஞ்சு" என்றாள் சாவித்ரி. "ஒடிச்சுப் பாத்தேளா?"

"உம்" என்றேன். பொய்யில்லை. 'உம்' ஒரு சொல்லே இல்லையே.

18 செப்டம்பர், சனி

கணேஷ் சதுர்த்தி. இவருக்கு ஏன் இவ்வளவு பெரிய காது என்று இப்போதுதான் தெரிகிறது. நிக்டி ஒலிபெருக்கிகளுக்கு எதிரே உட்கார்ந்து பழகிய காது. ஷேவந்தாபாய் கொழுக்கட்டைக்குத் தேங்காய் தட்டிப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். "வஹினி எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டாள். தேறி வருகிறாள் என்றேன். அவள் கத்தரிக்காய்க் குவியலை ஒரு முறை புரட்டிப் பார்த்தாள்.

6 அக்டோபர், புதன்

தாம்லே ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தார். நான் தெரு முனையிலேயே நின்றுவிட்டேன், மணியைப் பார்த்து. "காகா, வேடிக்கை பார்க்கத்தான் வந்தியா? குனிந்து உள்ளே வா!" என்று கத்தினார். காகா என்றால் சித்தப்பா. குனிந்தேன். பாதி இருட்டில் பருப்பு நிறுத்துக் கொடுத்தார். எது வேண்டும் என்று கேட்கவில்லை. 'சும்மா நிற்பவர்கள்' பலகைக்குக் கீழே ஐந்து நிமிடம் சும்மா நின்று மழையைப் பற்றிப் பேசினோம். அவருக்கும் மழை பிடிக்கவில்லை. அவருக்கு எதுவுமே பிடிக்கவில்லை. நல்ல மனிதர்.

7 நவம்பர், ஞாயிறு

டாக்டர் அனுமதித்துவிட்டார். சாவித்ரி கைத்தடியோடு சந்தைக்கு வந்தாள். நான் பின்னால் கூடையோடு.

அவள் வருவதைப் பார்த்ததும் வெங்காயக்காரர் சொத்தை வெங்காயங்களைச் சாக்குக்கு அடியில் தள்ளினார். ஷேவந்தாபாய் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இளைத்துவிட்டாய் என்றாள். இரண்டு பேர் கண்ணிலும் நீர். அப்பாடா என்று நினைத்தேன்.

கண்ணைத் துடைத்த கையாலேயே சாவித்ரி ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்தாள். அடுத்ததை எடுத்தாள்.

ஷேவந்தாபாய் பிடித்த கையை விட்டாள். என்னைப் பார்த்தாள்.

"தோடு நகோ" என்றேன்.

யார் சொன்னது என்று எனக்கே ஒரு கணம் விளங்கவில்லை. ஒடிக்காதே. மராத்தியில். நடுச்சந்தையில். சாவித்ரியிடம்.

கீரைக்காரர் கீரைக் கட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சாவித்ரி திரும்பினாள். புருவம் உயர்ந்தது, பாதி வழியில் நின்றது. கையிலிருந்த காயை முழுசாகக் கூடையில் போட்டாள்.

வீட்டுக்குத் திரும்பினோம். மாடிப்படி முன்னால் நின்று, "எப்போலேர்ந்து மராத்தி?" என்றாள்.

"இப்போதான்."

12 நவம்பர், வெள்ளி, தீபாவளி

ஷ்யாமும் தீப்தியும் வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஷ்யாம் தொண்டையைச் செருமினான். அந்தச் சுவர் தட்டும் மனிதர் ஒரு நல்ல விலை சொல்கிறாராம். நான் வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளத் தொடங்கினேன். முடியாது என்று சொல்ல வேண்டும். சொல்லப் போகிறேன். இதோ – நரம்பு கிள்ளி முடிந்துவிட்டது, வாய் திறக்கவில்லை. சந்தையில் சொன்னவன் யார், இவன் யார்?

"உங்கப்பா வரமாட்டார்டா" என்றாள் சாவித்ரி.

"அம்மா, நீதானே மாட்டேன்னே?"

"நான் வருவேனாயிருக்கும். அவருக்கு இங்கே ஆள் கட்டு ஜாஸ்தி. சந்தையில என்னையே பேச விடமாட்டேங்கறார். அவரை அங்கே கொண்டு வச்சா உன் இண்டர்காமோட சண்டைக்குப் போவார்."

தீப்திக்கு ஷ்யாம் மொழிபெயர்த்துச் சொன்னான். அவள் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்த மனிதருக்கு வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

படுக்கப் போகும்போது சாவித்ரி: "நாளைலேர்ந்தும் நீங்களே போயிட்டு வாங்கோ. எனக்குக் கால் வலிக்கறது." வலிக்கிற கால் எது என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்.

25 நவம்பர், வியாழன்

கத்தரிக்காய் வாங்கினேன். நான்தான் நறுக்கினேன். மூன்றாவது காயில் புழு. கொழுத்தது, சுறுசுறுப்பானது, வசதியாக வாழ்ந்தது.

சாவித்ரி கூடத்தில் சுவாமி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காயைப் பேப்பரில் சுற்றி, சட்டைக்குள் வைத்து, கீழே போய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

"எங்கே போனேள்? கத்தரிக்காய் எப்படி இருக்கு?"

"நல்ல கிரேடு" என்றேன்.