பேர் வராத சலாம்

இன்று லுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்ல மைக்கைக் கிட்ட இழுத்தேன். அதன் பஞ்சு உறையில் உன் அத்தர் மணத்தது. சுனாமி ஒத்திகை அறிவித்தல் சொல்ல வரும்போதெல்லாம், வாயை ஒட்டவைத்துப் பேசாதே என்று உன்னை எத்தனை தரம் ஏசியிருப்பேன். நீ கேட்டால்தானே. கபுறுக் குழிக்குப் போனவன் வாசத்தையும் கொண்டுபோயிருக்கலாம்.

நீ நிவாரணச் சங்கத்தின் தொண்டன், நான் இந்தக் கடற்கரைப் பள்ளிவாசலின் மோதினார். சுனாமி உன் மனைவியையும் மகளையும் கொண்டுபோனது. கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்கப் போனவர்கள் அவர்கள். அதன்பிறகு உனக்கு ஒரே வெறி: கரைவீதிச் சனம் சொன்ன உடனே எழும்பி நடக்க வேண்டும். எங்கள் சனம் நடந்ததா? ஒத்திகைக்குச் சைரன் ஊதினால், பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு கடலைப் பார்க்க ஓடியது. நீ தலையில் அடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாய்.

ஒரு நாள் மைக்கில் ஒரு ஜனாஸாவை, இறந்தவர் செய்தியை, அறிவித்துவிட்டு வெளியே வருகிறேன், வாசலில் நிற்கிறாய்.

"மச்சான், நீ சலாம் செல்லி, மௌத்தானவர்ர பேரச் செல்ல முந்தி ஊரே மூச்சுக் காட்டாம நிக்கிது. அந்த இடத்த எனக்குத் தா."

"அது மய்யித்துக்குரிய இடம்டா."

"மய்யித்து விழாம இருக்கத்தான் கேக்கன்."

பள்ளிவாசல் நிர்வாகத்தாருடன் சண்டை பிடித்து வாங்கினாய். வீடு வீடாக ஏறிச் சொன்னாய்: மைக்கில் சலாம் வந்து உடனே பேர் வராவிட்டால் அது கடல். கரண்ட் போயிருக்கலாம், மோதினாரே ஓடியிருக்கலாம், விளக்கம் கேட்டு நிற்காதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பாடசாலைக்கு நடங்கள். ஃபோனில் வரும் கதையை நம்பாதீர்கள். நான் நேரில் வந்து போகலாம் என்று சொல்லும்வரை ஒருவரும் திரும்பக் கூடாது. பெண்கள் உன்னை வாய் நிறைய ஏசினார்கள். ஆனால் ஒத்திகைக்கு ஒத்திகை நடக்கப் பழகினார்கள்.

பிறகு மழை வந்தது. சாகாமக் கிராமப் பக்கம் வெள்ளம் வடிந்ததும் சங்கத்தாரோடு கிணறு இறைக்கப் போனாய். காய்ச்சலோடு திரும்பினாய். எலிக்காய்ச்சல் என்றார்கள். ஊருக்கெல்லாம் அதற்குத் தடுப்பு மாத்திரை பங்கிட்டவன் நீ. உனக்கு ஒன்றைப் போட்டுக்கொள்ள நேரம் கிடைக்கவில்லையாடா? இன்றைக்கும் எனக்கு உன்மேல் கோபம்தான்.

உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து மய்யித்தாகத்தான் நேரே பள்ளிவாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அஸர் தொழுத கையோடு அடக்கம் என்று முடிவாகியிருந்தது. நான் மைக்கைப் பிடித்தேன். சலாம் வந்தது. உன் பேர் வரவில்லை. ஒருவாறு பேரை வெளியே தள்ளியபோது கரைவீதி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு எழும்பிவிட்டது. நீ பழக்கிய சனம் அல்லவா, நின்று கேட்கவில்லை.

உன் ஜனாஸாத் தொழுகையில் ஒரு வரிசைகூட நிறையவில்லை. நீ யாருக்காக மாய்ந்தாயோ அவர்கள் எல்லோரும் பாடசாலையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நீ மௌத்தான செய்தி அங்கே ஃபோனில் வந்ததாம். வதந்தி என்று தள்ளிவிட்டார்களாம்.

கையில் கபுறு மண்ணோடு அங்கே போனேன். உன் பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையை இடுப்பில் வைத்தபடி கேற்று வாசலில் நின்றாள்.

"மோதினார், அவரு எங்க? அவரு வந்து செல்லாம நாங்க போகமாட்டம்."

"அவரு இனி வரமாட்டாருகா."

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "அப்ப இனி ஆரு எங்களப் போகச் செல்லுற?"

அன்று நான்தான் சொன்னேன். இன்றும் ஒத்திகை முடிந்தால் நான்தான் போகச் சொல்கிறேன். மௌத்து அறிவிக்கும்போது மட்டும், சலாம் சொன்ன மூச்சிலேயே பேரையும் சொல்லிவிடுகிறேன். இரக்கமில்லாதவன் என்கிறார்கள். போன மாதம் என்னோடு கூடப்பிறந்த மூத்தவள், என் ராத்தாவின் பேரையும் அப்படித்தான் சொன்னேன். கரைவீதி நின்று கேட்டது. ஒருவரும் பிள்ளையைத் தூக்கவில்லை.