நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம்

ஐப்பசி 20, வியாழன்

காலையிலிருந்து தூறல். திராட்சைக்கு மருந்து அடிக்கவில்லை. அடித்திருந்தாலும் மனசு அங்கே நிற்காது. ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் வருஷத்தின் கடைசி ரேஸ். பவித்ரா முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் இந்தியா முழுசுக்கும் சாம்பியன். என் மகள்தான். எழுதிப் பார்த்தும் நம்ப முடியவில்லை.

ஒரு ரேஸுக்கும் இதுவரை போனதில்லை. பயம். போன வருஷம் அவள் கார் கவிழ்ந்து தோள் எலும்பு முறிந்தபோது நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். இந்தத் தடவை என் வீட்டுக்காரி பேச்சி விடவில்லை. "பெத்த புள்ள ஓட்டுறத பாக்காத மனுசன் ஊர்ல நீங்க ஒருத்தர்தான்."

எடுத்து வைக்க: குடை, மூட்டுவலித் தைலம், திராட்சை ஒரு பெட்டி, எலுமிச்சை.

ஐப்பசி 22, சனி

பழம் ஏற்றும் வேனிலேயே கிளம்பினோம். நான் ஓட்டினால் டவுன் பஸ் முந்தும், சில நாள் சைக்கிளும். கே.கே.பட்டி முக்கில் டீக்கடை சீனி சத்தம் கொடுத்தான். "ஏலே, எறங்கித் தள்ளவா? சாம்பியனோட அப்பன்னு வெளிய சொல்லிராத."

அவன் சொல்வதும் நியாயம். பவித்ராவுக்கு இந்த வேகம் எங்கிருந்து வந்ததோ. பத்தாவது படிக்கையில் தோட்டத்துப் பாதையில் இதே வேனைப் பறக்கவிட்டாள். அடிக்கப் போனேன். பெட்டியில் ஒரு பழம் உதிரவில்லை, கை இறங்கிவிட்டது. அப்புறம் கோயம்புத்தூர் காலேஜ், சின்ன வண்டி ரேஸ், கப்புகள், பெரிய கார்.

இன்று நேரம் பார்த்து ஓட்டியதில் இவள்தான் முதல். நாளை எல்லாருக்கும் முன்னால் நிற்பாள். பேச்சிக்குத் தலைகால் புரியவில்லை.

ஐப்பசி 23, ஞாயிறு

மழை. நான் செய்த காரியத்தை எழுதவே கூச்சம்.

காரைப் பரிசோதித்து ஷெட்டில் நிறுத்தியிருந்தார்கள். சக்கரத்தடியில் பழம் இல்லை. எங்கள் ஊரில் டிராக்டர்கூடப் பழம் வைக்காமல் நகராது. யாரும் பார்க்காதபோது, சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்குள் குனிந்து போய் நாலு சக்கரத்துக்கும் வைத்தேன். எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்கவில்லை. டயரைப் பிடித்து எழுந்தேன். அதிகாரி பார்த்துவிட்டார்.

பரிசோதனை முடிந்த காரை யாரும் தொடக்கூடாதாம். தண்டனை: கடைசி ஆளாகக் கிளம்ப வேண்டும். வருஷம் முழுக்க அவள் ஓட்டியது என் முட்டியால் போச்சு.

ஹெல்மெட்டோடு வந்தாள். திட்டட்டும் என்று நின்றேன்.

"பழம் நசுங்குச்சா யப்பா?"

"இல்ல தாயி. எடுத்துக் கையில குடுத்துட்டாக."

"பத்திரமா வச்சிரு. வந்து நசுக்கலாம்."

அப்புறம் ரேஸ். முன்னால் போகிற கார்கள் அடித்த தண்ணீரில் கடைசி கார் கண்ணுக்கே தெரியவில்லை. நானும் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டேன். பேச்சி கிள்ளிக் கிள்ளித் திறக்க வைத்தாள். திறந்த போதெல்லாம் இன்னும் ஓரிரு காருக்கு முன்னால் இருந்தாள். கடைசிச் சுற்றில் நாலாவது. வளைவில் உள்பக்கம் இடமில்லை. வெளிப்பக்கம் ஒருவரும் போகாத ஈரத்தில் இறங்கினாள். கார் வழுக்கவில்லை. மூன்றாவது.

சாம்பியன்.

எப்படி என்று கேட்டேன். எல்லாரும் போகிற தடத்தில் டயர் ரப்பர் ஒட்டியிருக்கும், மழையில் அதுதான் வழுக்கும் என்றாள். அது தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்திருப்பார்கள். இறங்கியவள் இவள்தான்.

தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் அவள் கை நடுங்கியது. எனக்கு ஓட்டும்போதே நடுங்கும். இவளுக்கு எல்லாம் முடிந்த பிறகு. திறந்து கொடுத்தேன். என்னால் ஆனது.

ஐப்பசி 24, திங்கள்

வெயில். ஊருக்குக் கிளம்பினோம். கப்பு பேச்சி மடியில். மகள் என் பையிலிருந்து எலுமிச்சையை எடுத்து வேனின் நாலு சக்கரத்தடியிலும் வைத்தாள். "இப்ப எடு."

ஓட்டுகிறாயா என்றேன். மாட்டேன் என்று பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பழம் நசுங்கிய சத்தம் கேட்டுச் சிரித்தாள்.

பழனி தாண்டி டவுன் பஸ் ஒன்று பின்னால் ஹாரன் அடித்தது. வழக்கம்போல் ஓரம் கட்டப் போனேன். கண்ணை மூடியிருந்தவள் திறக்காமலே சொன்னாள்.

"விடாத, யப்பா."

விடவில்லை.