அப்பாவின் துப்பாக்கிக்கு நான் செய்த பித்தளைக் கூடுகள்

ஆர்வி,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிடுகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். இப்போது அதுவும் நிச்சயமில்லை. நீ நலமா என்று கேட்க வழியில்லை. நான் சாப்பிடுகிறேன், படுக்கிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது என்பது உனக்குத் தெரியும், அதனால் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன்.

அடுப்புப் புகைக்குழாயைப் பக்கத்து வீட்டு ஓப்பலின் புருஷன் சரிசெய்து கொடுத்தார். நீ பாதியில் விட்டுப்போன விறகையும் அவரே அடுக்கிவிட்டார். சர்ச்சுப் பெண்கள் கொண்டுவந்து குவித்த சாப்பாடு தீர்ந்து, இப்போது யார் பாத்திரம் எது என்று தெரியாமல் விழிக்கிறேன். அவற்றைப் பிரித்துக் கொடுக்கத்தான் ஓப்பல் வந்தாள். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "அழுதா அவரு எந்திரிச்சா வரப்போறாரு? வந்தாலும் காபி ஏன் ஆறிப்போச்சுன்னுதான் கேப்பாரு" என்றாள். உன்னைப் புதைத்த பிறகு அன்றுதான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

போன ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்தபோது வாசலில் ஒரு பழைய பிக்கப் வண்டி. கையில் காபி டப்பாவோடு ஒரு பெண், இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். கணவாய்க்கு அப்பால் ஸால்மன் ஊரிலிருந்து வருகிறாளாம், பெயர் ஷெல்பியாம். மிஸ்டர் ஹாகன்தான், அதாவது நீ, தனக்குத் தோட்டா போட்டுத் தருவார், எல்க் மான் வேட்டை சீசன் வருகிறது, அவர் போய்விட்டது பேப்பரில் வந்திருந்தது, இந்த வேலை தெரிந்தவர் வேறு யாராவது உண்டா என்று கேட்டாள். மரியாதையான பெண். பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

டப்பாவில் சுட்டு முடித்த தோட்டாக்களின் வெறும் பித்தளைக் கூடுகள். அடியில் வேறொரு தோட்டாவின் பெயர் பொறித்திருந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அவை என் கையில் உருவானவை என்று. ஸால்மனில் ஒரு வாடிக்கைக்காரர், அவரிடமும் என் அப்பா வைத்திருந்த மாதிரியே ஒரு பழைய துப்பாக்கி, அதற்குத் தோட்டா எந்தக் கடையிலும் கிடையாது, நான் செய்தால்தான் உண்டு என்று நீ சொல்லித்தானே வருடா வருடம் செய்தேன்? கடையில் கிடைக்கும் வேறு தோட்டாவின் கூடுகளைப் பெட்டி பெட்டியாகக் கொட்டி, எடை ஒத்ததை எடுத்து, கழுத்து ஒரு பக்கம் மெலிந்ததைத் தள்ளி, எண்ணெய் தடவி அச்சில் அழுத்தி, அதிகப்படி நீளத்தை அறுத்து, கழுத்தை நெருப்பில் காட்டிப் பதமாக்கி. என் அப்பாவின் துப்பாக்கி ஆற்றோடு போன துக்கத்துக்கு அந்த வேலை எனக்கு மருந்தாக இருந்தது. எங்கேயோ அதன் ஜோடி ஒன்றாவது சுடுகிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு கூட்டை எடுத்து, அதன் கழுத்துக்குக் கீழே தோள்பக்கம் விரலால் தடவினேன். அரிசிமுனை அளவுக்கு ஒரு மேடு. இன்னொன்றை எடுத்தேன், அதிலும் அதே இடத்தில். அப்பாவின் துப்பாக்கிக்குள் துரு அரித்த பள்ளம் ஒன்று உண்டு. சுடும்போது பித்தளை உப்பி அந்தப் பள்ளத்தில் படியும். வேறெந்தத் துப்பாக்கியும் அந்த இடத்தில் அப்படி ஒரு மேட்டை வைக்காது. இது உனக்கும் தெரியும். அதனால்தான் சுட்ட கூடு ஒன்றைக்கூட என் கண்ணில் காட்டாமல், நான் பள்ளிச் சமையலுக்குப் போயிருக்கும் நேரத்தில் நீயே மறுபடி மருந்து நிரப்பியிருக்கிறாய்.

துப்பாக்கி எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன்.

"அவருதான் குடுத்தாரு, மிஸஸ் ஹாகன். அவங்க அப்பாவோடதாம்."

உன் அப்பா தையல் மெஷின் விற்றவர், முயலைக்கூடச் சுட்டதில்லை என்றேன். அது என் அப்பாவுடையது, கல்யாணத்தன்று அதை உன் கையில் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார் என்றேன். படகு கவிழ்ந்து பிட்டர்ரூட் ஆற்றில் போய்விட்டது என்று நீ நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து நின்றதையும், உன் தலையைத் துவட்டிக்கொண்டே துப்பாக்கி போனால் போகட்டும், நீ வந்தாயே என்று நான் அழுததையும் சொன்னேன். எவ்வளவு தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டாய் ஆர்வி?

அவள் முகம் வெளுத்தது. "அப்பா எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டாரு" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. நான் அவளைப் பார்த்தேன். புருவம், கீழுதட்டைக் கடிக்கும் விதம், எல்லாம் உன்னுடையது. கதவைத் திறந்தபோதே என் கண் எங்கே போயிருந்ததோ.

"எங்கிட்டயும்தான் சொல்ல மாட்டாரு" என்றேன்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் அம்மா அங்கே சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவள். நீ மாதம் ஒருமுறை போவாயாம். ஷெல்பியின் முதல் வேட்டைக்கு அந்தத் துப்பாக்கியைக் கொடுத்தாயாம். இங்கே ஏன் அழைத்துவரவில்லை என்று கேட்டதற்கு நீ சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "வீட்ல அவங்களுக்குத் துப்பாக்கின்னாலே ஆகாது."

எனக்கா, ஆர்வி? குழந்தை தங்கவில்லை என்று அழுத வருஷமெல்லாம் தோட்டா வேலை செய்யும் அந்த பெஞ்சில்தானே உட்கார்ந்திருந்தேன்? கூடுகளை யார் செய்தது என்று அவளிடம் கேட்டேன். அப்பாவேதான் என்றாள். வேறு பெண்ணிடம் போனதைக்கூட ஒரு நாள் விழுங்கிவிடுவேன். என் கைவேலையை உன் கைவேலை என்று அவளிடம் கொடுத்திருக்கிறாய் பார், அது தொண்டையிலேயே நிற்கிறது.

துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடு என்றேன். வண்டியில்தான் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"அப்பான்னு எனக்கு மிச்சம் அது ஒண்ணுதான்."

"எனக்கும் அப்பான்னு அது ஒண்ணுதான்டி."

அவள் துப்பாக்கியோடு போனாள். டப்பாவை நான் கொடுக்கவில்லை. கூடு இல்லாவிட்டால் அது அவளுக்கு வெறும் தடி.

கோபத்தில்தான் டப்பாவைப் பெஞ்சில் கொட்டினேன். பழக்கம் விடவில்லை. வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் துழாவினேன். அடிப்பக்கம் சுவர் தேய்ந்து உள்ளே பள்ளம் விழுந்தவை ஒன்றிரண்டு இல்லை, பாதிக்கு மேல். இன்னொரு தடவை சுட்டால் கூடு நடுவில் அறுந்து, எரியும் புகை முகத்துக்கே வந்துவிடும். நீ பார்க்காமலே நிரப்பிக் கொடுத்திருக்கிறாய். வருஷக் கணக்குக்கு மேல் புதிதாக இன்னும் வேண்டும் என்று கேட்டால் நான் ஏன் என்று கேட்பேனே, அந்தப் பயம். என்னிடமிருந்து மறைக்க உன் பிள்ளையின் கண்ணையே பணயம் வைத்திருக்கிறாய். அவை எல்லாவற்றையும் யாரும் மறுபடி எடுத்துவிடாதபடி குறட்டால் நசுக்கிப் போட்டேன்.

நேற்று அவளுக்குப் போன் செய்தேன். வீட்டில் நிரப்பிய தோட்டா மிச்சம் இருந்தால் ஒன்றையும் சுடாதே என்றேன். வெள்ளிக்கிழமை துப்பாக்கியோடு வா, புதுக் கூடு செய்ய வேண்டும், துப்பாக்கி கையில் இல்லாமல் அளவு சரிவராது என்றேன். அது பொய். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். உன்னிடம் முப்பது வருஷம் இருந்தவள், ஒரு பொய்கூடவா வராது? அவள் கொஞ்சம் யோசித்து, "திருப்பிக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அது மட்டும் உண்மை. அப்படியும் வருகிறேன் என்றாள்.

நீ இருக்கிற இடத்தில் கடவுள் உன்னை மன்னிக்கட்டும். என்னை அவசரப்படுத்த வேண்டாம் என்று அவரிடம் சொல்லு.

இப்படிக்கு,
நெட்ரா

கையெழுத்துப் போட்ட பிறகும் எழுந்திருக்க முடியவில்லை. அவளை நீ இங்கே கூட்டிவந்திருந்தால் நான் வாசலிலேயே விரட்டிவிடுவேன் என்று பயந்தாயா, இல்லை, விரட்டமாட்டேன் என்று தெரிந்துதான் பயந்தாயா?