மருதோண்டிப் பாட்டின் முதல் வரி

ஜமாலியா,
திருகோணமலை.
17.08.1981

என் செல்ல மகன் பாயிஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். குவைத்து வெயில் உன்னை வாட்டாமல் அல்லாஹ் நிழல் தரவேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்களுக்குச் சோற்றுக்கும் சுகத்துக்கும் குறைவில்லை, என் முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. உன் தங்கச்சி பரீனா நன்றாகப் படிக்கிறாள், கணக்கில்தான் மொக்கு, அது என் பக்கத்துக் குணம். குசினிக் கூரைக்குப் புதுத்தகரம் போட்டாயிற்று. நீ இரவில் வெறும் பாணைத் தின்றுவிட்டுப் படுக்கிறாய் என்று உன்னோடு இருக்கிற பையன் அவன் வீட்டுக்கு எழுதியிருக்கிறான், அந்தக் கதை எனக்கும் வந்துவிட்டது. சமைத்துச் சாப்பிடு.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது, பரீனாதான் சத்தமாக வாசித்தாள். வாப்பா மவுத்தாகி இரண்டு வருசமாகிறது, அவருடைய மருதோண்டிப் பாட்டை உன் கூட்டாளிமார் அங்கே திரும்பப் பாடிக் கேசட் போடப்போகிறார்கள், உறையில் வாப்பாவின் படத்தைப் போட்டு, சரீப் தன் மனைவி ஸல்ஹாவுக்காகக் கட்டிய காதல் பாடல் என்று கீழே அச்சடிக்கப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். எனக்கென்று பெரிய கேசட் றேடியோ ஒன்றும் வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். உம்மாவுக்கு வாப்பாவின் நினைவு வந்துவிட்டது என்று பரீனா நினைத்திருப்பாள். நினைவு இல்லை மகனே, வெட்கம். அச்சில் ஏறிவிட்டால் பிறகு அழிக்க ஏலாது, அதனால்தான் முழங்கால் வலியோடு குந்தி இருந்து இதை எழுதுகிறேன்.

அந்தப் பாட்டு எனக்காகக் கட்டியது இல்லை, சொல்லும் உன் வாப்பாவுடையது இல்லை. மெட்டு அவருடையது, அதை யாரும் தட்ட ஏலாது. பரீனா பிறந்து நாற்பது நாள் நான் மூதூரில் உம்மா வீட்டில் கிடந்தேனே, அப்போது அடுத்த வளவு உம்மு குல்சும்தான் பிள்ளையின் துணியெல்லாம் கசக்கித் தந்தாள். பத்தொன்பது வயதுப் பெண். ஆதம்பாவா காக்காவின் மகனுக்கு அவளைப் பேசி வைத்திருந்தார்கள், ஆனால் வீடு போதாது வளவு போதாது என்று அவர்கள் நாளைக் கடத்திக்கொண்டே இருந்தார்கள். மாப்பிள்ளையோ அவள் வீட்டுக் கிணற்றடி மருதோண்டி மரத்தடியில் அந்திப்பட வந்து நிற்பார். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் என் பக்கத்தில் இருந்து ஒரு கவி சொன்னாள். நம் பெண்கள் வாயால் சொல்ல ஏலாததைக் கவியில்தானே சொல்வார்கள், சொன்னவள் பேர் வெளியே போகாது என்பதுதானே அதன் காவல்.

மருதோண்டி நிழலுக்கு வராதீங்க மச்சான்
மறைஞ்சு நிண்டா மானம் போகும்
வாசலால வாங்க உங்க வாப்பாவோட மச்சான்
வாய்திறந்து பேசினாப் போதும்

உன்ட காதோட வெச்சுக்க புள்ள என்றாள். ஓம் என்றேன். வல்லாஹி என்று சத்தியமும் பண்ணினேன்.

நான் ஜமாலியாவுக்குத் திரும்பி வந்தபோது உன் வாப்பா மண்டலினும் கையுமாகத் திரிந்தார். துறைமுக டொக்யாட்டில் அன்றாட வேலை முடிந்ததும் கிற்றார் வாசிக்கிற சின்னராசாவும் இவரும் ஒரே மெட்டைத் தட்டிக்கொண்டு, சொல் கிடைக்காமல் தலையைச் சொறிந்துகொண்டு இருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, என்னிடம் ஒன்று இருக்கிறது என்று அந்தக் கவியைச் சொல்லிவிட்டேன். யாருடையது என்று கேட்டார். தம்பலகாமத்தில் அறுவடைப் பெண்கள் சொல்லிக் கேட்டது என்று பொய் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, வராதீங்க எண்டு தொடங்கினா ஆர் புள்ள எழும்பி ஆடுவான், பொப் பாட்டெண்டா கூப்பிடவேணும் என்றார். நான் அப்போது பாரைமீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அப்ப வாருங்க எண்டு மாத்துங்களேன், மறைஞ்சு நிண்டு வழி பார்ப்பேன் எண்டு போடுங்களேன் என்றேன். அந்த இரண்டு வரியும் என் வாயால் வந்தது. வாசலையும் மாப்பிள்ளையின் வாப்பாவையும் பாட்டிலிருந்து நான்தான் தூக்கி எறிந்தேன். ஆகவே வாப்பாவை நீ ஒரு சொல்லும் குறை நினைக்கக்கூடாது, அவர் ஒன்றும் அறியார்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். கொழும்பில் இசைத்தட்டுப் போட்டார்கள், காலையிலும் மாலையிலும் றேடியோவில் அதுதான், துறைமுகத்துத் தேத்தண்ணிக் கடைகளில் அதுதான், பாய்மரத்தில் வந்தவன் போனவன் எல்லாம் அதைத்தான் உதட்டைக் குவித்துச் சீக்காயடித்தான். பெருநாள் விழாவில் யாரோ எழும்பி, சரீப் நானா, அந்த மருதோண்டிக்காரி ஆர் என்று கேட்க, அவர் பகிடியாகப் பெண்கள் பக்கம் இருந்த என்னைக் கையால் காட்டினார். நான் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் மகனே என்னைத் தின்கிறது.

மூதூரில் அந்தத் தெருவில் கிணற்றடியில் மருதோண்டி நின்றது ஒரே ஒரு வீட்டில், குல்சும் வீட்டில்தான். இளந்தாரிமார் அவள் வேலியோரம் போகும்போதெல்லாம் பாடிக்கொண்டு போனார்கள். கிணத்தடிக்குக் கூப்பிடுற புள்ள எங்கட குடும்பத்துக்குச் சரிவராது என்று ஆதம்பாவா காக்கா சொல்லி அனுப்பினார். மறைந்து நின்றது அவர் மகன், பேர் கெட்டது இவளுக்கு. அந்த மாப்பிள்ளையும் வாய் திறக்கவில்லை. அவள் வாப்பா கோடரி எடுத்து மரத்தைத் தறித்தார். இதெல்லாம் கேள்விப்பட்டும் நான் போகவில்லை. மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகில் தலைசுற்றுகிறது என்று உங்களுக்கெல்லாம் சாக்குச் சொன்னேன், கடலோரத்தில் பிறந்தவளுக்குத் தலைசுற்றாம்! பெருநாளைக்கும் போகாமல் பதினொரு வருசம் ஓட்டினேன்.

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை லோஞ்சில் போனேன். குல்சும் கலியாணம் முடிக்கவில்லை. தையல் மெசின் வைத்துச் சட்டை தைக்கிறாள். தறித்த மருதோண்டிக் கட்டையின்மேல் வாளி வைத்திருந்தது. கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தாள். நான் அழுது கொட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஊசியில் நூல் கோர்த்தபடியே, நீதான் எண்டு அண்டைக்கே தெரியும் ஸல்ஹா, அந்தக் கவி உன்ட காதுக்கு மட்டும்தானே போனது என்றாள். என்னை வந்து கேட்கவில்லையே என்றேன். நீ வருவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன் என்றாள். உன் பேரைப் போடச் சொல்கிறேன் என்றேன். என்ட பேர் வேணாம், பேர் பட்ட பாடு போதும் என்றாள். என்னைப் பொறுத்துக்கொள் என்று அவள் கையைப் பிடித்தேன். கையை எடுத்துக்கொண்டு, பொறுக்கிறது பிறகு பாப்பம், முதல்ல பாட்டைத் திருத்து, நான் ஒருத்தரையும் கிணத்தடிக்குக் கூப்பிடல்ல என்றாள்.

ஆகவே மகனே, பாடுவதென்றால் மேலே நான் எழுதிய நான்கு வரியையும் அப்படியே பாடச் சொல்லு. ஆடுகிறவன் ஆடட்டும், ஆடாதவன் இருக்கட்டும். ஏலாது என்றால் கேசட்டே வேண்டாம். உறையில் மெட்டு சரீப், சொல் மூதூர்ப் பெண் ஒருத்தியின் கவி என்று மட்டும் போடு. என் பேர் எங்கும் வரக்கூடாது. உன் வாப்பா எனக்காக ஒரு பாட்டும் கட்டவில்லை, நாள் தவறாமல் மீன் வாங்கி வந்தார், எனக்கு அது போதும்.

இன்னொன்றையும் மறந்துவிடாதே. நீ வாங்கி வைத்திருக்கும் கேசட் றேடியோ எனக்கு வேண்டாம். அந்தப் பாட்டு வந்த நாளிலிருந்து குல்சும் வீட்டில் றேடியோ இல்லை. வரும்போது அதை நேரே மூதூருக்குக் கொண்டுபோவோம், நானும் வருகிறேன், வாசலால் போவோம். உன் கையும் காலும் சுகமாக இருக்கட்டும், உழைப்பில் பரக்கத் உண்டாகட்டும், நல்ல மனுசனாய் வீடு வந்து சேர். இதை வாசித்த பிறகும் உம்மா என்று கூப்பிட மனம் வந்தால் இரண்டு வரி எழுது.

இப்படிக்கு,
அந்தப் பாட்டில் இல்லாத உன் உம்மா
ஸல்ஹா