மாடியில் காயும் நீலப் போர்வை

அன்பு மகனுக்கு,

எல்லோரும் நலம் என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போவதுதான் முறை. நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், லாண்டரி ஓடுகிறது, அந்த அளவில் நலம். உன் தங்கை நலமா என்பது எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சங்கதி, அது எங்களுக்குத் தெரியாமல் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. நீயும் மருமகளும் அந்தத் தூரதேசத்துக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். உன்னிடம் போனில் சொன்னதெல்லாம் மேடை ஏறிவிடுகிறது தம்பி, அதனால்தான் காகிதம்.

அண்டை நாடுகளும் நம் பாதுகாப்பும் என்று நீ அந்த மாநாட்டில் பேசினாயே, அதைத் தையல்காரர்தான் முதலில் தன் செல்போனில் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடிவந்தார். தெருவே கூடிவிட்டது. பால்காரர் சைக்கிளை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். உனக்குப் பின்னால் அத்தனை கொடிகள், உன் முன்னால் உன் பெயர்ப் பலகை, உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெரிய நாடு ஒன்று எதிர்க்கரைக்காரனுக்குத் துறைமுகம் கட்டிக் கொடுப்பதைப் பற்றி நீ சொன்னது பாதி புரிந்தது, மீதிக்குத் தலையாட்டினேன். அப்புறம்தான் நீ அதைச் சொன்னாய். எல்லையோரத்துக் குடும்பங்களுக்குள் அரசாங்கத்தின் கண்ணுக்குப் படாத தகவல் போக்குவரத்து நடக்கிறது, மொட்டை மாடியில் காயும் போர்வை கூட ஒரு செய்திதான் என்றாய். சபை கைதட்டியது. தையல்காரரும் தட்டினார். நான் தட்டவில்லை.

அந்தப் போர்வை யாருடையது என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மேலே எங்கேயோ இரண்டு நாட்டு ராணுவமும் சுட்டுக்கொண்ட பிறகு பாலத்தை மூடினார்கள், அடுத்து அக்கரையோடு இருந்த போன் தொடர்பையும் அறுத்தார்கள். ஆறு நடுவில் இருந்தால் என்ன, ஈரத்துணிக்கு பாஸ்போர்ட் வேண்டாம் அல்லவா. நம் மாடியிலிருந்து பார்த்தால் உன் தங்கை வீட்டு மாடி தெரியும், ஆள் முகம் தெரியாது, நிறம் தெரியும். காலையில் அவள் நீலப் போர்வையைக் காயப்போட்டால் நலமாக இருக்கிறாள் என்று அர்த்தம். பதிலுக்கு உன் அம்மாவும் ஒரு நீலத்தைப் போடுவாள். குழந்தை பிறந்தால் பக்கத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் துணி. கல்யாணச் சீராக நாம் கொடுத்தனுப்பிய போர்வைகள், சலவைக்காரன் மகள் அதில் கடிதம் எழுதினாள். இரண்டு முறை கரு வயிற்றில் தங்காமல் போன பெண், மூன்றாவது முறை ஏழு மாதம் தாண்டிவிட்டாள் என்பதை ஆற்றைக் கடக்கும் மீன்காரர் ஒருவர் மூலம் கேள்விப்பட்ட அன்று, சந்தோஷம் தாங்காமல் போர்வைக் கதையையும் சேர்த்து உன்னிடம் போனில் கொட்டியது நான்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இந்த நுணல் தன் மகளையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டது.

நீ பேசிய பத்து நாளைக்குள் தகரத் தடுப்பு வந்து இறங்கியது. கரை நெடுக, நம் மாடியைவிட ஒரு ஆள் உயரம் கூடுதலாக. அதோடு ஆற்றோர வீடுகளில் யாரும் வெளியே துணி காயப்போடக் கூடாது என்று உத்தரவு. எத்தனை பீரங்கி இருக்கிறது இந்த நாட்டிடம், ஆனால் அதன் பாதுகாப்பு என் கொடிக்கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது, இத்தனை வருஷம் தெரியாமலே கிளிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி விரிப்புகளை இப்போது உள்ளேயே மின்விசிறி போட்டுக் காயவைக்கிறோம். ஈர வாடை அடிக்கிறது என்று தலைமை நர்ஸ் மூட்டையோடு திருப்பி அனுப்பினார். அது தேசப் பாதுகாப்பு வாடை அம்மா என்றேன், அவர் சிரிக்கவில்லை. மீன்காரரும் இப்போது ஆற்றில் இறங்க முடியாது, கரையில் உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருக்கிறார்.

தகரம் வந்த அன்றைக்கே உன்னைப் போனில் கூப்பிட்டேன். நான் பொதுவா ஒரு உதாரணம் சொன்னேன் அப்பா, இது பெரிய கொள்கை விஷயம், உங்களுக்குப் புரியாது என்றாய். ஆமாம், புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரனோடு முகம் கொடுத்துப் பேசாமல், நாலு தெரு தள்ளி இருப்பவனைக் கூட்டிவந்து வேலி எங்கே போடலாம் என்று யோசனை கேட்பதற்குப் பெயர் கொள்கை என்றால் எனக்குப் புரியவே வேண்டாம். எவ்வளவு நெருக்கம் பாருங்கள், இவர்களைப் பிரிக்க முடியாது என்று காட்டத்தான் என் பிள்ளை அதைச் சொல்லியிருப்பான் என்று உன் அம்மா சாதிக்கிறாள். இருக்கலாம். சொன்னவன் மனசில் என்ன இருந்தது என்று தகரத்துக்குத் தெரியாது. உன்மேல் எனக்குக் கோபம்தான், அதை மறைத்து ஆசீர்வாதம் எழுத எனக்கு வராது.

உன் அம்மா மட்டும் உத்தரவுக்கு அடங்கவில்லை. தினமும் காலையில் மாடி ஏறி, தகரத்துக்கு முன்னால் நம் நீலப் போர்வையைப் போடுகிறாள். போன வாரம் ரோந்து அதிகாரி வந்தார், சின்ன வயசு, மரியாதையான பிள்ளை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மாடி ஏறினார். இதுக்கு என்னம்மா அர்த்தம் என்று கேட்டார். நாங்க உயிரோட இருக்கோம்னு அர்த்தம், எழுதிக்கோங்க என்றாள். அவரும் எழுதிக்கொண்டுதான் போனார். மேலே அனுப்பியிருப்பார், என்றைக்காவது உன் மேசைக்கு வந்து சேர்ந்தால் உன் அம்மாவின் சுகச்செய்தி என்று தெரிந்துகொள்.

வேறு விசேஷம் இல்லை. கோட்டு உனக்குத் தோள்பட்டையில் தொங்குகிறது, பிடித்துத் தைக்கச் சொல் என்று தையல்காரர் எழுதச் சொன்னார். எனக்கு நீ இளைத்துவிட்டதாகத்தான் பட்டது. வேலை வேலை என்று வெறும் வயிற்றில் காபியாகக் குடித்துக்கொண்டிருக்காதே. மருமகளுக்கும் உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் உன் அம்மா தினமும் வேண்டிக்கொள்கிறாள், கூட நிற்கும்போது நானும் வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த மாதம் பேச்சுவார்த்தைக்குப் போகிறாய் என்று செய்தியில் சொன்னார்கள். அந்த நாட்டு அதிகாரி உனக்கு எதிர் நாற்காலியில் உட்காருவார். துறைமுகம், கப்பல் எல்லாம் பேசி முடித்த பிறகு, அவர் எழுந்திருக்கும் முன் ஒரு வார்த்தை கேள். அரசாங்கத்தின் பெயரால் வேண்டாம், அண்ணன் என்று சொல்லிக் கேள். உன் தங்கை வாழ்க்கைப்பட்ட ஆற்றோரத்து மருந்துக்கடைக்காரர் வீட்டு மாடியில் என்ன காய்கிறது என்று ஆளனுப்பிப் பார்க்கச் சொல். நீலம் மட்டும் என்றால் அவள் இன்னும் காத்திருக்கிறாள். நீலமும் மஞ்சளும் என்றால் நீ தாய்மாமன் ஆகிவிட்டாய். கொடி வெறுமையாக இருக்கிறது என்று சொன்னார்களானால் எங்களுக்குப் போன் செய்யாதே, புறப்பட்டு வந்து உன் அம்மாவிடம் நேரில் சொல்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அப்பா