கிழித்துக் கொடுத்த கைநாட்டுத் தாள்கள்

அன்பு மகளுக்கு,

முழங்கால் வலியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். ஆய்வுக்கு வந்த அதிகாரியை நான் வெளியே போகச் சொன்னதாக உன் மாமா தொலைபேசியில் சொன்னாராம். அவர் அங்கே இல்லவே இல்லை. நான் அந்தப் பெண்ணை மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தேன். பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள், அதை மட்டும் வேண்டாம் என்றேன். அவ்வளவுதான் நடந்தது.

நூலக மாடியில் நாங்கள் நான்கு பேர் சம்பளமில்லாமல் நடத்தும் முதியோர் கல்வி வகுப்பு உனக்குத் தெரியும். இனி அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்குத்தான் அறை தருவார்களாம், அடுத்த மாதக் கடைசி வரை தவணை. அந்த அங்கீகாரத்துக்கு எங்களை ஆய்வு செய்யத்தான் அவள் வந்தாள். கரும்பலகை, எங்கள் பயிற்சிச் சான்று எல்லாம் பார்த்துத் தலையாட்டினாள். வருகைப் பதிவேட்டைத் திறந்ததும் முகம் மாறிவிட்டது. ஆறு வருடத்தில் ஒரு கைநாட்டுகூட இல்லை, எல்லாம் கையெழுத்து. உங்களிடம் வந்தவர்கள் வரும்போதே எழுதத் தெரிந்தவர்களா என்று கேட்டாள். எழுதத் தெரியாதவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததற்கு அத்தாட்சி இருந்தால்தான் அங்கீகாரமாம்.

விஷயம் இதுதான். எங்கள் வருகைப் பதிவேட்டில் ஆளுக்குத் தனித்தனித் தாள். முதன்முதலாகத் தன் பெயரை எழுதுகிறவரிடம், அதுவரை அவர் கைநாட்டு வைத்த தாள்களைக் கிழித்துக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். ஆரம்பித்தது நான்தான். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள் தன்னுடையதை அடுப்பில் போட்டாளாம். லாரி ஓட்டுநர் எல்லோர் முன்னாலும் பொடிப்பொடியாகக் கிழித்து, குப்பைக்கூடையில் போடாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். போன மாதம் கடைசி ஆளும் பெயர் எழுதிவிட்டார், அந்தத் தாளும் போயிற்று. பதிவேட்டில் தப்பு வந்தால் ஒரே கோடு அடித்துக் கையெழுத்துப் போடு, தாளைக் கிழிக்காதே என்று கான்வென்ட்டில் மதர் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. மறந்தேன் என்றும் சொல்ல முடியாது, அப்போது அதுதான் சரி என்று பட்டது.

வந்தபோது எழுத்துத் தெரியாது என்று அவர்களே தங்கள் கையால் எழுதித் தந்தால் போதுமா என்று அதிகாரியைக் கேட்டேன். எழுதித் தந்தால் எழுதத் தெரியும் என்பதற்குத்தான் அது அத்தாட்சி என்றாள். அதில் தவறும் கண்டுபிடிக்க முடியவில்லை, ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை.

எங்கள் செயலாளர், ஓய்வுபெற்ற தபால்காரர், புதுப் பதிவேட்டில் பழைய தேதி போட்டு எல்லோரிடமும் திரும்பக் கைநாட்டு வாங்கிவிடலாம் என்கிறார். தலைமை ஆசிரியையாக நான் கையெழுத்துப் போட வேண்டும். இஸ்திரி போடுகிறவள், எதுக்கு டீச்சரம்மா இவ்வளவு யோசனை, விரலை வச்சிட்டு சோப்புப் போட்டுக் கழுவினாப் போச்சு என்று சிரிக்கிறாள். லாரி ஓட்டுநர் இதைக் கேட்ட மறுநாளிலிருந்து வகுப்புக்கு வருவதில்லை. பொய் எழுதக் கூடாது என்று நான் சொன்னதற்கு, நீங்க கிழிச்சதுக்கு நாங்க பதினேழு பேரைத் தெருவுல உட்கார வச்சுப் பாடம் நடத்தணுமா என்று செயலாளர் கேட்டார். 

நீ மருத்துவமனைப் பதிவேடுகளோடு பழகுகிறவள். தாள்களைக் கிழித்தது நான்தான் என்று உள்ளபடி எழுதிக் கொடுத்தால் ஏற்பார்களா? இல்லை, என் வீம்புக்காக அந்த அறையைத் தொலைக்கப் பார்க்கிறேனா? அதை மூன்று முறை எழுதிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வருகிறது.

குழந்தைகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. அந்தப் புதுப் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போடலாமா கூடாதா, தொலைபேசியில் சொல்ல வேண்டாம், அதில் நான் கேட்க விரும்புவதைத்தான் சொல்வாய். தயவுசெய்து கடிதமாக எழுதிப் பதில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா