ஊசியில் காணாமல் போன ஆள்

திண்டிவனம்
2-11-2025

அன்புள்ள அம்சாவுக்கு,

விருத்தாசலம் எழுதுவது. பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. போனில் பேசினால் கோபம் வந்து இரண்டாவது நிமிடமே நான் வைத்துவிடுகிறேன், அதனால்தான் கடிதம். உன் அக்காவைக் கேட்டதாகச் சொல்.

போன செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டில் மல்லாட்டை மூட்டை இறக்கும்போது லாரியிலிருந்து விழுந்துவிட்டேன். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. கூட மூட்டை இறக்கிய பச்சைமுத்துதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். எலும்பை இழுத்துச் சேர்க்க வேண்டும், வலி தெரியாமலிருக்க ஒரு ஊசி என்றார் டாக்டர். அந்த ஊசியைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் தூங்கவில்லை அம்சா. கண் திறந்தே இருந்தது. முதலில் சுவரெல்லாம் விலகிப் போனது. பிறகு என் உடம்பு எங்கே முடிகிறது, கட்டில் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. யாரோ யாருடைய கையையோ இழுக்கிறார்கள், பாவம் என்று நினைத்தேன். நர்ஸ் "விருத்தாசலம், விருத்தாசலம்" என்று கூப்பிட்டது, பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பேர் சொல்லிக் கூவுகிற மாதிரி இருந்தது. அது என் பேர் என்று தோன்றவே இல்லை. பார்ப்பது நடந்துகொண்டிருந்தது, பார்க்கிற ஆள் இல்லை. இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அப்படி ஒரு நிம்மதி.

தெளிந்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. நீ விழுப்புரத்தில் துணிக்கடை வேலைக்குச் சேர்ந்தாய் என்று ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். கேட்டால் "நான் இப்பிடித்தான், என் சுபாவம்" என்றேன். அந்த "நான்" ஒரு ஊசிக்குக் காணாமல் போகிற ஆள். அவன் இல்லாமலே ஃபேன் சுற்றியது, எலும்பு சேர்ந்தது. இவனுக்காகவா உன்னைக் கெடாருக்கு அக்கா வீட்டுக்குப் போகவிட்டேன் என்று அழுதுவிட்டேன். பச்சைமுத்து, "இன்னாடா, ரொம்ப வலிக்குதா?" என்றான்.

வந்துவிடு அம்சா.

உன்
விருத்தாசலம்


கெடார்
8-11-2025

அன்புள்ள மாமாவுக்கு,

அம்சவள்ளி எழுதுவது. அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பச்சைமுத்து அண்ணனிடம் என் நம்பர் இல்லையா? கேப்பைக் களி கிண்டிச் சாப்பிடுங்கள், எலும்புக்கு நல்லது. டீயைக் குடித்தே வயிற்றை நிரப்பாதீர்கள்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு அமலா விழுப்புரத்தில் நர்ஸாக இருக்கிறாள். அவளிடம் கேட்டேன். "கெட்டமின் போட்ருப்பாங்கக்கா. ஒருத்தர் அழுவாரு, ஒருத்தர் பாடுவாரு, ஒருத்தர் சாமியப் பாத்தேன்னுவாரு. கொஞ்ச நேரத்துல எறங்கிடும்" என்றாள். இறங்கிவிடுகிற ஒன்றை நம்பி நான் பெட்டியைக் கட்டவா மாமா? காணாமல் போன ஆளைப் பற்றி எனக்கென்ன? திரும்பி வருகிறாரே, அவரோடுதானே நான் குடும்பம் நடத்த வேண்டும்?

கையைத் தொங்கவிடாமல் தூக்கியே வைத்திருங்கள்.

உங்கள்
அம்சா


திண்டிவனம்
14-12-2025

அன்புள்ள அம்சாவுக்கு,

கட்டுப் பிரித்துவிட்டார்கள். கை சூம்பிக் கிடக்கிறது, போகப்போகச் சரியாகிவிடுமாம்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. டாக்டரிடம் அந்த ஊசியை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டேன். "ஏன்யா, இன்னும் வலிக்குதா?" என்றார். "வலி இல்லீங்க சார். பழைய ஆளு திரும்பி வந்துக்கினு இருக்கான், அதான்" என்றேன். வெளியே போ என்று கத்திவிட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

நீ சொன்னது சரிதான். என் சட்டையைக் கேட்காமல் போட்டுக்கொண்டு போனதற்குப் பச்சைமுத்துவோடு இரண்டு நாள் பேசவில்லை. அந்த நிம்மதியைக் காலையில் படுத்தபடியே நினைத்துப் பார்க்கிறேன். ஞாபகம் வருகிறது, அது வரமாட்டேன் என்கிறது.

பொங்கலுக்காவது வருவாயா?

உன்
விருத்தாசலம்


கெடார்
20-12-2025

மாமாவுக்கு,

சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என்னோடு குடும்பம் நடத்த உங்களுக்கு ஊசி வேண்டுமா? மயக்கம் கொடுத்துத்தான் மனுஷனாக்க வேண்டும் என்றால் அப்படிப்பட்ட புருஷன் எனக்கு வேண்டாம்.

பார்க்கிற ஆளே இல்லை, நிம்மதி என்று எழுதினீர்கள். நான் எதிரில் உட்கார்ந்து சோறு போட்ட அந்த ஒரு மாதமும் நீங்கள் அப்படித்தானே இருந்தீர்கள்? பார்த்தும் பார்க்காமல்? அதற்கு ஊசி தேவைப்படவில்லையே.

பொங்கலுக்கு வரவில்லை. நான் இங்கே நன்றாக இருக்கிறேன். நீங்கள் எங்கே என்று இங்கே ஒருவரும் கேட்பதில்லை.

அம்சவள்ளி


திண்டிவனம்
23-12-2025

அம்சவள்ளி,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. கோபம் தலைக்கேறிப் போய்த்தான் எழுதுகிறேன். ஒருவரும் கேட்பதில்லையா? இங்கே தினம் பத்துப் பேர் கேட்கிறார்கள், "அம்சா எப்ப வருது?" என்று. அவர்கள் கண்ணில் படாமல் சுற்றுவழியில் வீட்டுக்குப் போகிறேன். மனசுவிட்டு ஒன்றைச் சொன்னால் அதையே எடுத்து என்னைக் குத்துகிறாய். ரொம்பத் திமிர் உனக்கு. உன் அக்கா கொடுக்கிற இடம். டாக்டர் எதிரில் நான் அசிங்கப்பட்டது யாருக்காக? துணிக்கடைதான் பெரிது என்றால் போ, நானா தடுத்தேன்? தடுத்தேன், அது வேறு விஷயம்.

பார்க்காமலா இருந்தேன்? உன் காலில் சேற்றுப்புண் வந்தபோது களிம்பு வாங்கி ஜன்னலில் வைத்தது யார்? எடுத்துப் போட்டுக்கொண்டாயே, யார் வைத்தது என்று கேட்டாயா? பேசவில்லை, அவ்வளவுதான்!

இன்னும் நிறைய இருக்கிறது. பேப்பர் தீர்ந்துவிட்டது.

விருத்தாசலம்


கெடார்
27-12-2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அக்கா வாங்கிப் படித்துவிட்டு, "இன்னாடி, இந்தத் திட்டு திட்டியிருக்காரு, நீ சிரிச்சிக்கினு இருக்க?" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

என் கடிதத்தைப் போட்ட மறுநாளிலிருந்தே தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான், வாயை மூடிக்கொள்வார், இனி பொங்கல் கழிந்துதான் பதில் என்று பயந்துகொண்டிருந்தேன். நீங்களோ படித்த சூட்டோடு எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கோபம் வந்து நீங்கள் என்னோடு பேசியது இதுதான் முதல் தடவை. ஊசி பேசிய பேச்சை நான் நம்பவில்லை மாமா, அது எவ்வளவு இனிப்பாக இருந்தாலும். இதை நம்புகிறேன். இது நீங்கள்தான்.

களிம்பு நீங்கள் வைத்தது என்று எனக்குத் தெரியும். கேட்டால் அதற்கும் பதில் வராது என்றுதான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். விழுப்புரத்துக் கடை வேலையை விட மாட்டேன், திண்டிவனத்திலிருந்தே தினம் ரயிலில் போய்வருவேன். அதற்குக் கோபம் வந்தால் அப்போதே சத்தமாகத் திட்டிவிடுங்கள். பதிலுக்குத் திட்ட எனக்கும் எவ்வளவோ இருக்கிறது.

உங்கள்
அம்சா